சிறு விமானத்துக்கு வயரிங் படம் வரைய எந்த மென்பொருள்?

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களும், பழைய இரண்டு சீட், நான்கு சீட் விமானத்தில் புது ரேடியோ, புது டிஸ்பிளே என்று பேனலை மாற்றுகிறவர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்துதான் ஆக வேண்டும். தேடிப் பார்த்தால் ஒரு டஜன் பெயர் வந்து விழும், ஒவ்வொன்றுக்கும் அடித்துப் பேச ஆள் இருப்பார்கள், ஒருவர் இலவச மென்பொருளே போதும் என்பார், இன்னொருவர் ஆட்டோகேட் இல்லாமல் வேலைக்கு ஆகாது என்பார், மூன்றாமவர் பென்சிலும் தாளும் போதும் என்று முடித்துவிடுவார். அவரவர் விமானத்துக்கு அவரவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். உங்களுடையதற்கு எது சரி என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் எவ்வளவு அழகாக வருகிறது என்று பார்த்து மென்பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒற்றை வயரை அது எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படம் யாருக்கு

விமானம் பறக்கத் தொடங்கிச் சில வருடம் கழித்து ஒரு நாள் தரையிறங்கும் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒருவர் வயர் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். விமான வயர்களில் பெரும்பாலானவை வெள்ளைதான், நிறத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கையில் சிக்கிய வயரில் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணைப் படத்தில் தேடினால் அது எங்கே கிளம்புகிறது, வழியில் எந்தக் கனெக்டரில் எந்தப் பின்னைக் கடக்கிறது, எங்கே போய் முடிகிறது, எத்தனை கேஜ் (வயரின் தடிமனைச் சொல்லும் எண், எண் குறைந்தால் தடிமன் கூடும்), எந்தப் பிரேக்கர் அதைக் காக்கிறது என்ற அத்தனையும் கிடைக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம், உங்களிடமிருந்து விமானத்தை வாங்கியவராகவும் இருக்கலாம், உங்களை ஒருமுறைகூடப் பார்த்திராத மெக்கானிக்காகவும் இருக்கலாம். அவருக்கு உதவாத படத்தை எவ்வளவு நேர்த்தியாக வரைந்தும் பயனில்லை.

இந்தத் தேவையை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு தானாகவே நடந்துவிடும்.

இணைப்பு வேறு, வயர் வேறு

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மென்பொருள்களில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு இழுத்தால் அந்தப் புள்ளிகள் ஒரே மின் இணைப்பில் இருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். மூன்று சுவிட்சுகளுக்குப் பஸ் பாரிலிருந்து, அதாவது எல்லாச் சுற்றுக்கும் மின்சாரம் பிரியும் உலோகப் பட்டையிலிருந்து, மின்சாரம் போக வேண்டும் என்றால் நீங்கள் ஒரு கோட்டை இழுத்து மூன்றாகக் கிளை பிரிப்பீர்கள், மென்பொருளும் மூன்றும் ஒன்றே என்று ஒத்துக்கொள்ளும்.

விமானத்தில் அப்படி இல்லை. பஸ்ஸிலிருந்து மூன்று சுவிட்சுக்கும் தனித்தனி வயர் போகலாம். அல்லது ஒரே வயர் முதல் சுவிட்சுக்குப் போய், அதே திருகிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் தாவித் தாவிப் போகலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது முறையில் முதல் சுவிட்சின் திருகு தளர்ந்தால் மூன்று கருவிகளும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். கிரவுண்டும், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியும், அப்படித்தான். போர்டு வரைபவருக்குக் கிரவுண்ட் குறியீடு எங்கே போட்டாலும் ஒரே கிரவுண்ட். உங்களுக்கு ஒவ்வொரு கிரவுண்ட் வயரும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) இருக்கும் குறிப்பிட்ட ஒரு போல்ட்டில், குறிப்பிட்ட ஒரு லக்கில் (வயர் முனையைப் பொருத்தும் உலோகத் துண்டு) போய் முடிகிற தனிப்பொருள், அதற்கும் எண் உண்டு. கண்ணாடி இழை போன்ற கூட்டுப்பொருள் உடல் கொண்ட விமானம் என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உடல் வழியாக மின்சாரம் திரும்பி வர வழியே கிடையாது, இறக்கை நுனி விளக்கின் கிரவுண்டையும் முழு நீளத்துக்கு வயராக இழுத்தாக வேண்டும், படத்திலும் அது முழுக் கோடாக வர வேண்டும்.

ஆக, எந்த மென்பொருளைத் திறந்தாலும் முதல் கேள்வி: இந்தக் கோட்டுக்கு எண், கேஜ், நிறம் என்று சொந்தத் தகவல் கொடுக்க முடிகிறதா? முடியாவிட்டால், அந்தத் தகவலை வேறு எங்கே வைக்கப்போகிறேன்?

மென்பொருளைத் திறப்பதற்கு முன்

தாளில் தொடங்குங்கள், இதைத் தவிர்க்காதீர்கள். விமானத்தில் மின்சாரம் எடுக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் எடுக்கும், தொடர்ந்து எடுக்குமா, ஸ்டார்ட்டர் மாதிரி சில நொடிகள்தானா என்று பக்கத்தில் குறியுங்கள். அப்புறம் அதை அமைப்புவாரியாகப் பிரியுங்கள்: பேட்டரி, மாஸ்டர் கான்டாக்டர் (பேட்டரியைப் பஸ்ஸோடு இணைக்கும் பெரிய ரிலே), பஸ் ஒரு பக்கம். ஆல்டர்னேட்டரும் ரெகுலேட்டரும் ஒரு பக்கம். ஸ்டார்ட்டர், விளக்குகள், ஃபிளாப் மற்றும் டிரிம், ரேடியோவும் இன்டர்காமும், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி), இன்ஜின் கருவிகள் என்று ஆளுக்கொரு பக்கம். விமானத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் ஏடிஏ அத்தியாய எண்களையே (விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் கையேடுகளில் தரும் பொது எண்) பக்க எண்ணாக வைத்துக்கொள்ளலாம்: 24 மின்சக்தி, 23 தகவல்தொடர்பு, 33 விளக்குகள், 34 வழிகாட்டல், 80 ஸ்டார்ட்டர். விளக்குப் பக்கம் 33-01 என்றால் எந்த மெக்கானிக்குக்கும் பார்த்தவுடன் புரியும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே உங்கள் வேலை எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். ஒரு ரேடியோ, ஒரு டிரான்ஸ்பாண்டர், நான்கு விளக்கு மட்டும் உள்ள விமானத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பக்கங்கள் போதும், எந்த மென்பொருளிலும் சமாளித்துவிடலாம், கையால் வரைந்தாலும் குற்றமில்லை. இரண்டு டிஸ்பிளே, ஆட்டோபைலட், மின்னணு இக்னிஷன், இரண்டு பேட்டரி என்று போனால் நூற்றுக்கணக்கில் வயர்கள் வரும், அங்கே எண்களைத் தேடித்தரவும் பட்டியல் எடுக்கவும் தெரிந்த மென்பொருள் இல்லாமல் திண்டாடிப் போவீர்கள்.

என்னென்ன வகை இருக்கிறது

பெயர்கள் நிறைய என்றாலும் வகைகள் சிலதான்.

முதல் வகை, பொதுவான வரைபட மென்பொருள்கள். டிரா.ஐஓ, லிப்ரேஆபிஸ் டிரா, மைக்ரோசாஃப்ட் விசியோ எல்லாம் இதில் சேரும். கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். பெட்டி போடலாம், கோட்டைப் பெட்டியோடு ஒட்டவைக்கலாம், பெட்டியை நகர்த்தினால் கோடும் கூட வரும். டிரா.ஐஓ இலவசம், உலாவியிலும் ஓடும், கணினியில் இறக்கி இணையம் இல்லாமலும் ஓட்டலாம், ஹேங்கரில் சிக்னல் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய விஷயம். எந்தப் பெட்டி எதோடு பேசுகிறது என்று காட்டும் மேலோட்டப் படத்துக்கு இதைவிட வசதியானது இல்லை. ஆனால் மின்சாரம் என்றால் என்னவென்று இதற்குத் தெரியாது. ஒரே எண்ணை இரண்டு வயருக்குக் கொடுத்தாலும் வாய் திறக்காது.

இரண்டாவது, பொறியியல் வரைபடங்களுக்கான 2டி கேட் (CAD) மென்பொருள்கள். ஆட்டோகேட், டிராஃப்ட்சைட், கியூகேட், இலவசமான லிப்ரேகேட். அளவும் அச்சும் துல்லியமாக வரும், அடுக்குகள் வைத்து ஒரே படத்தில் பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்டலாம். ஏற்கெனவே கேட் தெரிந்தவர் என்றால் யார் என்ன சொன்னாலும் மாறாதீர்கள், கை பழகிய கருவியில் வேலை வேகமாக நடக்கும், பட்டியலைத் தனியாக எக்செல்லில் வைத்துக்கொண்டால் குறை தீர்ந்தது. கேட் தெரியாதவர் வயரிங் படத்துக்காகவே இதைக் கற்க உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு வெறும் கோடாகவே இருக்கும், அதற்காக அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. லிப்ரேகேட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அதன் இயல்பான கோப்பு டிஎக்ஸ்எஃப், ஆட்டோகேடின் டிடபிள்யூஜி கோப்புகளோடு அது அவ்வளவு ஒத்துப்போகாது. யாராவது டிடபிள்யூஜி அனுப்பினால் டிஎக்ஸ்எஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சர்க்யூட் போர்டு ஆட்களின் மென்பொருள்கள். இதில் இன்று முன்னால் நிற்பது கீகேட். இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் ஒரு பெரிய வசதி உண்டு: ஒரு ரேடியோவின் 25 பின் கனெக்டரை ஒரே குறியீடாக வரைந்து, அதைப் பல துண்டுகளாகப் பிரித்து, மின்சாரப் பின்களை 24ஆம் பக்கத்திலும் ஆடியோ பின்களை 23ஆம் பக்கத்திலும் வைக்கலாம், எல்லாம் ஒரே கருவி என்று அது நினைவில் வைத்திருக்கும். எங்கும் இணையாமல் தொங்கும் பின், இரண்டு முறை வந்த பெயர் போன்றவற்றைச் சோதனை ஓட்டிக் கண்டுபிடித்துத் தரும். குறை என்ன என்றால் மேலே சொன்ன அதே இணைப்புச் சிக்கல். ஒவ்வொரு வயருக்கும் நீங்களாக லேபிள் போட வேண்டும், ஒரே இணைப்பில் இரண்டு லேபிள் போட்டால் அது முறையிடும். பஸ்ஸையும் கிரவுண்ட் கட்டையையும் பல பின் கொண்ட கனெக்டர் மாதிரி குறியீடாக வரைந்து, ஒவ்வொரு வயரும் தன் பின்னில் தனியாகப் போய் முடியும்படி செய்தால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். இன்னொன்று, புதிதாகக் குறியீடு செய்யும்போது பின்களின் மின் வகையைப் பாசிவ் என்று வையுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பின்னுக்கு மின்சாரம் தருபவர் யாருமில்லை என்று வரிசையாக எச்சரிக்கை வந்து, உண்மையான தவறு அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும். பின்கள் 1.27 மில்லிமீட்டர் கட்டத்தில் சரியாக உட்கார வேண்டும் என்பதும் முக்கியம். இம்மி விலகினாலும் கண்ணுக்குத் தொட்ட மாதிரி இருக்கும், உண்மையில் இணைந்திருக்காது.

நான்காவது, மின் வயரிங்குக்கென்றே பிறந்தவை. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பேனல்கள் வரைகிறவர்கள் பயன்படுத்துபவை. ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல், சாலிட்வொர்க்ஸ் எலெக்ட்ரிக்கல், இபிளான் எல்லாம் பெரிய நிறுவனங்களுக்கானவை. ஒற்றை விமானத்துக்கு அவ்வளவு தேவையில்லை. இந்த வகையில் இலவசமாகக் கிடைப்பது கியூஎலெக்ட்ரோடெக். இதில் ஒரு கோட்டை இரட்டைச் சொடுக்கு செய்தால் அதன் எண், நிறம், குறுக்களவு, மின்னழுத்தம் என்று கேட்டு ஒரு பெட்டி திறக்கும். கோடு வயராகவே பிறக்கிறது, நமக்கு வேண்டியது இதுதான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் வயருக்கு அம்புக்குறி வைத்து இரண்டையும் இணைத்தால் எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டம் என்பதை அதுவே எழுதிக்கொள்ளும், பக்க வரிசையை மாற்றினாலும் திருத்திக்கொள்ளும். இதன் குறியீட்டு நூலகம் பெரியது, ஆனால் பெரும்பகுதி தொழிற்சாலைக்கானது, விமான ரேடியோவோ கான்டாக்டரோ உங்களுக்கு வேண்டிய வடிவில் இருக்காது, நீங்களே வரைய வேண்டும். குறியீடு செய்யும் எடிட்டர் கூடவே வருகிறது, கைக்கு வந்த பிறகு ஒரு சுவிட்ச் செய்வதற்குச் சில நிமிடம்தான் ஆகும்.

ஐந்தாவது, ஹார்னஸ், அதாவது கனெக்டர்களோடு சேர்த்துக் கட்டிய வயர் தொகுப்பு, வரைபவை. பெரிய விமான நிறுவனங்களின் கேபிட்டல், இ3 சீரீஸ் போன்றவற்றை விட்டுவிடுவோம். வயர்விஸ் என்ற சிறிய இலவசக் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் படமே வரையமாட்டீர்கள். யாமல் வடிவில் ஒரு எழுத்துக் கோப்பில் இந்தக் கனெக்டர், இத்தனை பின், இந்தக் கேபிள், இந்தப் பின்னிலிருந்து அந்தப் பின்னுக்கு என்று எழுதிக்கொடுத்தால் படத்தையும் பொருள் பட்டியலையும் அதுவே போட்டுத் தரும். கேஜ், நிறம், ஷீல்டு (இரைச்சலைத் தடுக்க வயரைச் சுற்றியிருக்கும் உலோக உறை) எல்லாவற்றையும் எழுதலாம். முழு விமானத்தையும் இதில் வரைய முடியாது. ஆனால் இன்டர்காமிலிருந்து ஹெட்செட் ஜாக் வரை போகும் ஒரு கேபிளை மேஜையில் வைத்துக் கட்டும்போது பக்கத்தில் இருக்க வேண்டிய தாள் இதுதான். கட்டளை வரியில் வேலை செய்யப் பழகாதவர்கள் இதை விட்டுவிடலாம்.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

மின்னணுப் பழக்கம் உள்ளவர் கீகேட் எடுக்கட்டும். கேட் தெரிந்தவர் கேடிலேயே இருக்கட்டும். இரண்டும் தெரியாமல் புதிதாக வருபவருக்கு என் பரிந்துரை கியூஎலெக்ட்ரோடெக், அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, அது முதல் நாளிலிருந்தே வயரை வயராகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. மிகச் சிறிய விமானம் என்றால் டிரா.ஐஓவும் ஓர் எக்செல் பட்டியலும் போதும்.

சும்மா என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு விளக்கை வைத்துச் சோதனை

மனதுக்குப் பிடித்த இரண்டு மென்பொருளை நிறுவி, இரண்டிலும் ஒரே சுற்றை வரையுங்கள்: பஸ், பிரேக்கர், சுவிட்ச், இறக்கை வேரில் ஒரு கனெக்டர், இறக்கை நுனியில் தரையிறங்கும் விளக்கு, அங்கிருந்து கிரவுண்ட். இவ்வளவுதான். ஆனால் முழுதாக வரையுங்கள், ஒவ்வொரு வயருக்கும் எண், கேஜ், இரண்டு முனையிலும் என்ன டெர்மினல் என்பது உட்பட.

வரைந்து முடித்ததும் படத்தைத் தொந்தரவு செய்யுங்கள். சுவிட்சைப் பிடித்து நான்கு அங்குலம் நகர்த்துங்கள், வயர்கள் கூட வருகின்றனவா, எண்கள் வயரை விட்டுப் பிரிந்து அநாதையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். விளக்கை அடுத்த பக்கத்துக்கு மாற்றுங்கள். நடுவில் இன்னொரு கனெக்டரை நுழையுங்கள், ஒரு வயர் இரண்டாக வேண்டும், எண்களைத் திருத்த எவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று கவனியுங்கள். பிடிஎஃப் எடுத்து அதில் ஒரு வயர் எண்ணைத் தேடிப் பாருங்கள், சில மென்பொருள்கள் எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றிவிடும், அப்போது தேடல் எதையும் கண்டுபிடிக்காது. சாதாரண ஏ4 தாளில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்து மங்கிய வெளிச்சத்தில் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள், நீங்கள் செய்த குறியீடுகள் கோப்போடு வந்தனவா, உங்கள் கணினியிலேயே தங்கிவிட்டனவா என்பது அப்போதுதான் தெரியும்.

எந்த மென்பொருளில் இவ்வளவையும் திட்டாமல் செய்ய முடிந்ததோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்தது, அதன் பிறகு புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று பாதியில் தாவாதீர்கள்.

கோப்பு யார் கையில்

விமானம் முப்பது நாற்பது வருடம் பறக்கும், மென்பொருள் அவ்வளவு காலம் இருக்கும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. டிராஃப்ட்சைட் பல வருடம் இலவசமாகக் கிடைத்தது, 2019 முடிவோடு அந்த இலவசப் பதிப்பு நின்றுவிட்டது. ஒருகாலத்தில் பொழுதுபோக்காகப் போர்டு செய்கிறவர்கள் எல்லோரும் ஈகிள் வைத்திருந்தார்கள், அதை வாங்கிய ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2026 ஜூன் 7க்குப் பிறகு அது கிடைக்காது என்று அறிவித்தது. அதனால்தான் கோப்பு வடிவத்தைப் பாருங்கள் என்கிறேன். கீகேட், கியூஎலெக்ட்ரோடெக், டிரா.ஐஓ மூன்றின் கோப்புகளும் எழுத்துக் கோப்புகள், டிரா.ஐஓவில் மட்டும் சுருக்காமல் சேமித்துக்கொண்டால் நோட்பேடில் திறந்தாலும் வயர் எண்ணையாவது படித்துவிடலாம். மாதச் சந்தா கட்டினால்தான் திறக்கும், நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கும் என்கிற சேவைகள் எவ்வளவு வசதியாக இருந்தாலும் விமானத்தின் ஒரே பதிவை அங்கே வைக்காதீர்கள். எதில் வரைந்தாலும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு பிடிஎஃப் எடுத்து, அச்சுப் பிரதி ஒன்றை விமானத்தின் பதிவேடுகளோடு வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: கீகேடின் புதுப் பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. இரண்டு பேர் சேர்ந்து வரைகிறீர்கள் என்றால் ஒரே பதிப்பில் இருங்கள்.

முதல் கோட்டுக்கு முன் செய்துவைக்க வேண்டியவை

குறியீடுகளில் ஐரோப்பியப் பாணி, அமெரிக்கப் பாணி என்று இரண்டு உண்டு. மின்தடையைச் செவ்வகமாகப் போடுவது ஐஇசி 60617 பாணி, வளைந்து நெளிந்த கோடாகப் போடுவது அமெரிக்கப் பாணி. எதையாவது ஒன்றை எடுங்கள், கலக்காதீர்கள். உங்கள் கருவிகளின் கையேடுகள் எந்தப் பாணியில் இருக்கின்றனவோ அதையே எடுப்பது சுலபம்.

கனெக்டர் குறியீடுகளுக்கு நேரம் செலவழியுங்கள், இங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். பின் எண்ணும் பின் பெயரும் தயாரிப்பாளரின் நிறுவல் கையேட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும், இணையத்தில் யாரோ போட்ட படத்திலிருந்து எடுக்கக் கூடாது, ஒரே கருவியின் இரண்டு மாடல்களுக்கு நடுவே பின்கள் மாறியிருக்கும். விமானக் கருவிகளில் அடிக்கடி வரும், டி எழுத்து வடிவ முகம் கொண்ட டி-சப் கனெக்டரில் இன்னொரு பொறி உண்டு. 25 பின் கனெக்டரை முன்னாலிருந்து பார்த்தால் 1ஆம் பின் ஒரு மூலையில் இருக்கும், வயர் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்மூலைக்குப் போய்விடும், ஆண் கனெக்டருக்கும் பெண் கனெக்டருக்கும் அதுவே தலைகீழ். எனவே கனெக்டரின் முகத்தை வரைந்தால் பக்கத்திலேயே வயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்தது என்று எழுதிவையுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் முழுக் கனெக்டரையும் கண்ணாடி பிம்பமாகக் கிரிம்ப் செய்து (வயரில் பின்னை அழுத்திப் பொருத்தி), பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றுவது அடிக்கடி நடக்கும் கதை.

ஷீல்டு வயருக்குத் தனிக் குறியீடு வையுங்கள், ஷீல்டு எந்த முனையில் கிரவுண்ட் ஆகிறது, எந்த முனையில் வெட்டி விடப்படுகிறது என்பது படத்தில் தெரிய வேண்டும். ஆடியோ வயர்களில் பொதுவாக ஒரு முனை மட்டும்தான், ஆனால் கருவியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் இறுதி.

வயர் எண் முறையை இப்போதே முடிவு செய்யுங்கள். பழைய ராணுவ முறையில் சுற்றின் எழுத்து, வயர் எண், துண்டின் எழுத்து, கேஜ் என்று சேர்த்து எழுதுவார்கள். எல்2ஏ18 (L2A18) என்றால் விளக்குச் சுற்று, 2ஆம் வயர், முதல் துண்டு, 18 கேஜ். கனெக்டரைக் கடந்ததும் எல்2பி18. கிரவுண்டுக்குப் போகும் துண்டின் கடைசியில் N என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். இது வெறும் வரிசை எண்ணைவிட நல்லது, வயரைக் கையில் எடுத்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பட்டியல்தான் முதுகெலும்பு

படத்துக்கு இணையாக ஓர் எக்செல் அல்லது லிப்ரேஆபிஸ் கால்க் தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயருக்கு ஒரு வரி: எண், கிளம்பும் இடமும் பின்னும், சேரும் இடமும் பின்னும், கேஜ், நீளம், இரு முனை டெர்மினல், பிரேக்கர், படத்தின் பக்கம், போட்டாயிற்றா, சோதித்தாயிற்றா. மென்பொருளே பட்டியல் எடுத்துத் தந்தாலும் நீளமும் கடைசி இரண்டு பத்திகளும் உங்கள் கையால்தான் நிரம்ப வேண்டும்.

நீளப் பத்தி எதற்கு என்று கேட்கலாம். இறக்கை நுனி விளக்கு 5 ஆம்பியர் எடுக்கிறது, வயர் 6 மீட்டர், 20 கேஜ் என்று வைப்போம். 20 கேஜ் விமான வயருக்கு மீட்டருக்குச் சுமார் 33 மில்லிஓம். பெருக்கினால் கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. அமெரிக்க விமானத் துறையின் ஏசி 43.13-1பி வழிகாட்டி, 14 வோல்ட் அமைப்பில் தொடர்ந்து ஓடும் சுமைக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழக்க வேண்டாம் என்கிறது. அதைவிடத் தடிமனான 16 கேஜ் போட்டால் அரை வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். உலோக உடல் என்று வைத்துக்கொண்டதால் திரும்பும் வழியை இங்கே கணக்கில் எடுக்கவில்லை, கூட்டுப்பொருள் உடல் என்றால் நீளத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். இந்தக் கணக்கை நான் பரிந்துரைத்த எந்த மென்பொருளும் தானாகப் போட்டுத் தராது, தாளில் ஒரு சூத்திரம் எழுதினால் எல்லா வயருக்கும் ஒரே நொடியில் வந்துவிடும். அதே தாளில் பிரேக்கரின் அளவு வயரின் தாங்குதிறனைத் தாண்டுகிறதா என்றும் ஒரு பத்தி வையுங்கள். பிரேக்கர் இருப்பது வயரைக் காப்பாற்றத்தான், கீகேடின் சோதனை எல்லாம் பச்சையாக வந்தாலும் 22 கேஜ் வயரில் 20 ஆம்பியர் பிரேக்கர் இருப்பதை அது கண்டுகொள்ளாது.

சான்றளிக்கப்பட்ட விமானம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வரைந்த படம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது அனுமதி ஆகாது. மாற்றத்துக்கான ஒப்புதலும் கையெழுத்தும் உரிமம் பெற்றவர் வழியாகத்தான் வர வேண்டும், அவரிடம் வேலை தொடங்குவதற்கு முன்பே படத்தைக் காட்டுங்கள். எந்த வடிவத்தில் வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிட்டால் மென்பொருள் தேர்விலும் ஒரு குழப்பம் குறையும்.

வயரிங் தொடங்கிய பிறகு

படமும் விமானமும் முதல் வாரத்திலேயே வேறுபடத் தொடங்கும். ரேடியோவின் வயர் இந்தப் பக்கம் எட்டவில்லை, பக்கத்துக் கிரவுண்ட் போல்ட்டில் போட்டோம், சுவிட்சின் டெர்மினல் இரண்டுக்குப் பதில் மூன்றில் வசதியாக இருந்தது என்று தினமும் ஏதாவது மாறும். அச்செடுத்த பக்கங்களை ஹேங்கரில் மாட்டிவைத்து, மாற்றம் நடந்த அந்த நிமிடமே சிவப்புப் பேனாவால் குறியுங்கள், கணினியில் ஏற்றுவது இரவில் நடக்கட்டும். மனதில் வைத்துக்கொண்டு பிறகு எழுதலாம் என்றால் நடக்காது. ஏற்றும்போது தலைப்புக் கட்டத்தில் தேதியையும் திருத்த எழுத்தையும் மாற்றுங்கள், பழைய பிடிஎஃப்பை அழிக்காமல் தனி அடைவில் போடுங்கள், பழைய அச்சுத் தாளை மட்டும் கிழித்துவிடுங்கள், இரண்டு பதிப்பு ஒரே சுவரில் தொங்கக் கூடாது.

பேட்டரியை இணைப்பதற்கு முன் பட்டியலை அச்செடுத்து, மல்டிமீட்டரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சோதியுங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தொடர்ச்சி இருக்கிறதா, பக்கத்துப் பின்னோடு ஒட்டாமல் இருக்கிறதா, கிரவுண்டோடு சேரக்கூடாதது சேர்ந்திருக்கிறதா. ஒருவர் படிக்க ஒருவர் சோதித்தால் வேகமாகவும் போகும், கண் ஏமாற்றவும் ஏமாற்றாது. பொருந்தாத வரி வந்தால் விமானம் தவறா, படம் தவறா என்று அந்த இடத்திலேயே முடிவு செய்து ஒன்றைத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். கடைசி வரியில் குறி விழுந்ததும் ஒரு பிடிஎஃப் எடுத்து, முதல் பதிப்பு என்று பெயரிட்டு, ஒரு நகலை வேறு இடத்தில் வைத்துவிட்டு, அப்புறம் மாஸ்டர் சுவிட்சைப் போடுங்கள்.